வாசிக்கிறவள் பங்கு

மண்டி மொஹல்லாவில் பீடி சுற்றும் வீடுகளை மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கடைத்தெருவின் வெல்ல வாசனையும் மிளகாய் நெடியும் முடிந்து, சந்து குறுகி, எதிரே வரும் சைக்கிளுக்கு வழிவிட நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய இடம் வந்ததும் புகையிலைத் தூளின் காரம் தொண்டையைப் பிடிக்கும். புதிதாக வருகிறவர் இருமுவார். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அவர்களும் நாள் முழுக்க இருமுகிறவர்கள்தான். பழகிப்போனதால் அது அவர்கள் காதில் விழுவதில்லை.

அந்தச் சந்தில் காதர் ராவுத்தர் வீட்டு முன்னறையில் இரண்டு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றினார்கள். ஒருத்தி ராவுத்தரின் மனைவி ஜைனம்பு. இன்னொருத்தி எதிர்வீட்டு மரியபுஷ்பம். அவள் கணவன் மரியராஜ் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தான். ஜைனம்புக்குச் சொந்த ஊர் சத்தியமங்கலம். மரியபுஷ்பத்துக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில், பாலாற்றுக்கு முன்னால் வரும் ஒரு கிறிஸ்தவக் குடியானவர் ஊர். இரண்டுக்கும் நடுவில் காடும் ஆறும் செக்போஸ்டும் உண்டு. ஆனால் பேச்சு ஒன்றுதான். கன்னடமும் உருதுவுமாக இரையும் சந்தில், ஒருநாள் குழாயடியில் ஒருத்தி "என்ற கொடத்தைத் தள்ளாத புள்ள" என்று சத்தம் போட்டாள். இன்னொருத்தி குடத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சண்டையில் ஆரம்பித்த சினேகம் அது. மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றி, பஸ் பலகைகளுக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சினேகம் நன்றாக முற்றிப்போயிருந்தது.

பீடித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் உட்காரும் பெரிய கூடங்களில் ஒருவர் மட்டும் வேலையை நிறுத்திவிட்டுப் பேப்பரை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். வாசிக்கிறவருக்குக் கூலி போய்விடக் கூடாதே என்று ஆளுக்குக் கொஞ்சம் சுற்றி அவர் முறத்தில் போடுவார்கள். அதற்கு வாசிக்கிறவர் பங்கு என்று பெயர். அதில் யாரும் ஏமாற்ற மாட்டார்கள். ஏமாற்றினால் மறுநாள் செய்தி கிடைக்காது.

இந்த வழக்கத்தை ஜைனம்பு தன் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. சின்ன வயதில் காதால் கேட்டு அரபி ஓதக் கற்றுக்கொடுத்தார்கள், தமிழ் எழுத்துக்கு அனுப்பவில்லை. ஆனால் அவள் விரல் மாதிரி விரல் மண்டி மொஹல்லாவில் கிடையாது. நனைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் பரப்பி, சுருட்டி, தலையை மடக்கி, நூல் சுற்றி முறத்தில் போடும்போது அவள் பார்வை வேறு எங்கேயாவது இருக்கும். மரியபுஷ்பமோ கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். அவள் சுற்றும் பீடி வயிறு பெருத்துத் தலை சிறுத்து இருக்கும். கடை மேஸ்திரி தொட்டையன் அதைத் தூக்கிப் பிடித்து, "ஏனம்மா, இது பீடியா, முருங்கக்காயா? சாம்பாருக்குப் போடலாமே" என்று கேட்பான்.

"நீ வாசி. உன்றதையும் நானே சுத்திப் போடறேன்" என்றாள் ஜைனம்பு.

முதலில் வாரப் பத்திரிகைதான். லட்சுமிபுரத்தில் ஒரு ஐயர் வீட்டம்மா படித்து முடித்ததைக் கொடுப்பாள். தொடர்கதையின் கதாநாயகி கஷ்டப்படும்போது ஜைனம்பு இலையைக் கோபமாக வெட்டுவாள். அந்தம்மாள் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டதும் பத்திரிகை நின்றது. கதாநாயகி மாமியார் வீட்டை விட்டு வெளியேறி மழையில் நின்றபடி நின்றுபோனாள். "அவ எங்க போனாளோ, யாரு ஊட்ல ஒதுங்கினாளோ" என்று ஜைனம்பு ஒரு வாரம் புலம்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கோவிலில் வீட்டுக்கு ஒன்றாகத் தமிழ்ச் சுவிசேஷப் புத்தகம் கொடுத்தார்கள். அதுவரை வேதம் சாமியார் வாயிலிருந்து காதுக்கு வந்ததே தவிர வீட்டுப் பரணுக்கு வந்ததில்லை. மரியபுஷ்பம் அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

"இதென்ன, உங்க வேதமா?"

"ஆமா. சேசுநாதர் கதை. வாசிக்கட்டுமா?"

ஜைனம்பு சிரித்தாள். "என்னை மதம் மாத்தப் பாக்கறியா புள்ள?"

மரியபுஷ்பத்துக்குப் பொய் வராது. அது அவளுக்கு ஒரு பெரிய குறை. "கேட்டா மாறிருவியோன்னு ஒரு ஆசை இருக்குது" என்றாள்.

"ஆசைதான? அது உன்ற பாடு. எனக்குக் கதை வேணும். வாசி."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. மறைவு எதுவும் இல்லை. காதர் ராவுத்தர் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். மத்தியானம் வந்து கயிற்றுக்கட்டிலில் படுத்தபடி அவரும் கேட்பார், தூங்குவார். குறட்டை வந்தால் குரலை உயர்த்த வேண்டும்.

ஜைனம்பு சும்மா கேட்கிறவள் இல்லை. மாட்டுக்கொட்டிலில் குழந்தை பிறந்த இடம் வந்தபோது நூலைப் பல்லில் கடித்தபடி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கொட்டில் இல்ல புள்ள. பேரீச்ச மரம். மரியம் அம்மா ஒத்தையா போயி ஒரு பேரீச்ச மரத்தைப் புடிச்சுக்கிட்டு வலி தாங்காம செத்துப்போனாலே தேவலைன்னு அழுவறாங்க. அப்பறம் மரத்தை உலுக்குன்னு ஒரு சத்தம் வருது. உலுக்கினா பழம் உழுவுது. காலடியில தண்ணி ஓடுது."

"கூட ஆரும் இல்லியா? அவங்க புருசன் சூசையப்பரு?"

"ஆரும் இல்ல. ஒத்தப் பொம்பள. குழந்தையைத் தூக்கிட்டு ஊருக்குள்ள வந்தா சனம் சும்மா இருக்குமா? கண்ணாலம் இல்லாம இது எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்குது. அந்தம்மா வாயத் தொறக்கல. குழந்தையைக் கையக் காட்டுது. தொட்டில் குழந்தை பேசுச்சு! ஆத்தாளுக்காகப் பேசுச்சு."

மரியபுஷ்பம் புத்தகத்தை மூடிவிட்டாள். சின்ன வயதிலிருந்து மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்துகிறவள் அவள். ஊர் வாய்க்கு முன்னால் அந்தப் பெண் தனியாக நின்றிருப்பாள் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. "எங்க புத்தகத்துல அது இல்ல" என்றாள். "இருந்திருந்தா நல்லாருக்கும்."

"எங்க ஓதல்ல இருக்குது. எடுத்துக்க" என்றாள் ஜைனம்பு, வெற்றிலை மடித்துக் கொடுப்பதுபோல.

தேவமகன் என்ற வார்த்தை வரும்போது மட்டும் அவள் காதைத் தொட்டுக்கொள்வாள். "தௌபா, தௌபா. அல்லாவுக்குப் புள்ளகுட்டி எது? அந்த வார்த்தையை மெதுவாச் சொல்லு, மீதியைச் சத்தமாச் சொல்லு." மரியபுஷ்பம் வேண்டுமென்றே அதைத்தான் உரக்கச் சொல்வாள். ஜைனம்பு ஒரு ஈர இலையை எடுத்து அவள்மேல் எறிவாள். குருடன் பார்வை பெற்றபோதும், பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் வாடியவள் கூட்டத்தில் நுழைந்து அங்கியின் ஓரத்தைத் தொட்டபோதும் ஜைனம்புவின் கை தன்னால் நின்றிருக்கிறது. "பொம்பளைக்குத்தான் புள்ள தெரியும் அந்தக் கஷ்டம்" என்பாள்.

புத்தகம் முடிவை நெருங்கியபோதுதான் மரியபுஷ்பத்துக்குப் பயம் பிடித்தது. அடுத்தது பாடுகள், சிலுவை. சேசுநாதரை, அவர்கள் சொல்லும் ஈசா நபியை, யாராலும் கொல்ல முடியவில்லை, அல்லா உயர்த்திக்கொண்டான் என்று ஜைனம்பு முதலிலேயே சொல்லியிருந்தாள். அங்கே போய் முட்டிக்கொண்டால் வாசிப்பு நின்றுவிடும். வாசிப்பு நின்றால் முன்னறை நின்றுவிடும். மரியபுஷ்பம் சத்தமில்லாமல் பக்கத்தைப் பின்னால் புரட்டி சேசுநாதர் முதல் புதுமை செய்த கல்யாண வீட்டுக்கே மறுபடி போய்விட்டாள். தண்ணீர் திராட்சை ரசமானது, ஐந்து அப்பம் ஊருக்கே பசியாற்றியது, புயல் அடங்கியது. கடைசிக்கு முன்னால் வந்ததும் திரும்பவும் கல்யாண வீடு. வருஷக்கணக்கில் சேசுநாதர் அந்த முன்னறையில் எருசலேமுக்குப் போகவே இல்லை. ஜைனம்பு ஒன்றும் கேட்கவில்லை. மரியபுஷ்பம் அவள் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாரிக்காலத்தில் ஜைனம்புவின் இருமல் வேறு மாதிரி ஆனது. முதலில் கஷாயம், பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீர், பிறகு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், காதர் ராவுத்தரை மட்டும் வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். ராவுத்தர் திரும்பி வரும்போது கையில் ஆரஞ்சுப்பழம் வாங்கிவந்தார். ஜைனம்பு அதைப் பார்த்தவுடனே தெரிந்துகொண்டாள். "பழமெல்லாம் வாங்கறாருன்னா முடிஞ்சுது" என்று மரியபுஷ்பத்திடம் சொல்லிச் சிரிக்கப் போய், இருமல் வந்து, துணியைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கயிற்றுக்கட்டிலை முன்னறையிலேயே, இலை நனைக்கும் சட்டிக்கும் முறத்துக்கும் பக்கத்தில் போடச் சொன்னாள். மரியபுஷ்பம் தினமும் வந்து சுற்றினாள். தனக்கும் சுற்றினாள், பீடிக்கடையில் ஜைனம்பு பேரில் இருந்த வேலைக் கார்டு ரத்தாகிவிடாமல் இருக்க அவளுக்காகவும் சுற்றினாள். தொட்டையன் முருங்கைக்காய் என்று சொல்வதை நிறுத்திவிட்டான். வளைந்த பீடிகளைப் பேசாமல் வாங்கிக்கொண்டான். ஆனால் கை இரண்டும் வேலையில் இருந்தால் புத்தகத்தை யார் பிடிப்பது? வாசிப்பு நின்றுபோயிற்று. ஆடி மாதத்துச் சாரல் ஓட்டில் சிணுங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தி படுத்துக் கூரையைப் பார்த்தாள், ஒருத்தி குனிந்து இலையைப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரியராஜின் தங்கை செலின் சாப்பிட வந்தாள். அவள் நர்ஸ். ராகிக் களியும் ஆட்டுத்தலைக் கறியும். ஞாயிறு என்றால் அந்த வீட்டில் முன்பெல்லாம் பன்றிக்கறி இருக்கும். ஜைனம்பு வீட்டுக்குப் போகவர ஆனதிலிருந்து மரியபுஷ்பம் அதை அடுப்பில் ஏற்றுவதில்லை. மரியராஜுக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு.

"அண்ணி, எதிர்வீட்டு அக்காவுக்கு இனி ரொம்ப நாள் இல்ல. சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க" என்றாள் செலின். "நீங்க ஊத்திருங்க."

"என்னத்தை?"

"ஞானஸ்நானம் அண்ணி. சாவு பக்கத்துல வந்துட்டா சாமியார் வேணும்னு இல்ல, யார் வேணாலும் குடுக்கலாம். நான் வார்டுல எத்தனையோ பேஷண்டுக்கு ஊத்தியிருக்கேன். மூஞ்சி தொடைக்கிற மாதிரி துணியை நனைச்சு நெத்தியில பிழிஞ்சு, வாய்க்குள்ளயே செபத்தைச் சொல்லிருவேன். கொத்தே ஆகல்ல, யாருக்கும் தெரியாது. ஆத்துமா கரை சேந்துரும்."

மரியராஜ் எலும்பைத் தட்டில் வைத்தான். "கேக்காமயா?"

"கேட்டா வேண்டாம்னுதானே அண்ணா சொல்வாங்க!"

"அப்ப அது என்ன வேலை? பட்டறையில ஒருத்தன் டிபன் டப்பாவை இன்னொருத்தன் கேக்காம தொறந்தா கைகலப்பு ஆயிரும். அவங்க வீட்டு நோம்புக்கஞ்சி வருசாவருசம் என்ற வயித்துக்குள்ள போயிருக்குது. அந்தம்மா கண்ணசந்த நேரம் பாத்து நெத்தியில கை வெக்கறதா?"

"டிபன் டப்பாவும் ஆத்துமாவும் ஒண்ணா அண்ணா? நாளைக்கு மோட்சத்துல நீங்க எல்லாரும் இருப்பீங்க, அந்த அக்கா எங்க இருப்பாங்க? அதை யோசிங்க."

அந்தக் கேள்விதான் மரியபுஷ்பத்தைக் குத்தியது. அவளுடைய மோட்சத்தில் எப்போதும் ஒரு முன்னறை இருந்தது. அதில் ஜைனம்பு இல்லாவிட்டால் அங்கே போய் என்ன செய்வது? செலின் கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள்: "விரல் போர்வையைப் பிடுங்க ஆரம்பிச்சா நேரம் வந்துருச்சுன்னு அர்த்தம் அண்ணி. அதுக்கு முன்னாடி முடிச்சிருங்க."

மறுநாள் பூசை முடிந்து மரியபுஷ்பம் கோவில் தொட்டியிலிருந்து தீர்த்தத்தைப் பழைய டானிக் குப்பி ஒன்றில் பிடித்துக்கொண்டாள். எந்தத் தண்ணீரும் போதும் என்று செலின் சொல்லியிருந்தாள்தான். ஆனால் ஜைனம்புக்குக் குழாய்த் தண்ணீரா ஊற்றுவது? குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு அவள் அந்த வீட்டுக்குப் போய்வந்தாள். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றாள். கணவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. நாத்தி சொன்னதும் சரியாகத்தான் பட்டது. மனுஷர்கள் இப்படித்தான் ஆளுக்கு ஒரு சரியைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் இருக்கிறவள்தான் தூக்கமில்லாமல் கிடக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காதர் ராவுத்தர், கொள்ளேகாலில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஹபீபாவைக் கூட்டிவரப் பஸ் ஏறினார். "சாயங்காலம் வந்துருவோம். கொஞ்சம் பாத்துக்க தங்கச்சி" என்றார். மத்தியானம் ஜைனம்பு நாலு வாய் நொய்யரிசிக் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். சாரல் விடவில்லை. சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. மரியபுஷ்பம் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

குப்பியைத் திறந்து முந்தானை நுனியை நனைத்தாள். கட்டிலண்டை மண்டியிட்டு, மெலிந்துபோன அந்த நெற்றிக்கு மேல் துணியைக் கொண்டுபோனாள். ஒரு சொட்டு விழ வேண்டியதுதான். வாயில் செபத்தின் முதல் வார்த்தை வந்துவிட்டது.

"என்ன புள்ள பண்ற?"

ஜைனம்பு கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மூஞ்சி தொடைக்..." மரியபுஷ்பத்தால் முடிக்க முடியவில்லை. பொய் அவளுக்கு வராது. "தீர்த்தம். கோவில் தண்ணி. உனக்கு ஊத்தலாம்னு."

"ஊத்துனா?"

"ஊத்திச் செபம் சொன்னா நீ எங்க கூட்டத்துல சேந்துருவ. மோட்சத்துல எங்கூட இருப்ப."

"எனக்குச் சொல்லாமயா?"

மரியபுஷ்பம் முந்தானையை முறுக்கினாள். தண்ணீர் அவள் மடியிலேயே வடிந்தது.

ஜைனம்பு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். மூச்சு வாங்க நேரம் எடுத்துக்கொண்டாள். "கொடத்தைத் தள்ளாதன்னு நீ என்னைத் திட்டுன நாள்லருந்து உங்கிட்ட நான் ஏதாவது ஒளிச்சிருக்கறனா?"

"இல்ல."

"அப்பக் கேளு. நேரா என்ற மூஞ்சியப் பாத்துக் கேளு. நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஆனா நீ கேளு. கேக்காமப் போனீன்னா நாளைக்கு நீதான் கெடந்து அழுவ."

சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. மரியபுஷ்பம் நிமிர்ந்து உட்கார்ந்து, பெண் கேட்டு வந்தவள்போல, கும்பிட்ட கையோடு கேட்டாள். "ஜைனம்பு, உனக்கு ஞானஸ்நானம் குடுக்கட்டுமா?"

"வேண்டாம் புஷ்பம்."

"செரி" என்றாள் மரியபுஷ்பம். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜைனம்பு அவள் தலையில் கை வைத்தாள். அந்தக் கையில் கனமே இல்லை.

"அழுதது போதும். புத்தகம் பையில இருக்குதா? இருந்தா எடு. கல்யாண வீடு வேண்டாம், அது எனக்கு மனப்பாடம். நீ ஒளிச்சு வெச்சிருக்கியே, கடைசிப் பக்கம், அதை வாசி."

மரியபுஷ்பம் திகைத்தாள். "உனக்குத் தெரியுமா?"

"அப்பத்தையே எத்தனை தடவை திங்கறது? நீயா வருவீன்னு பாத்தேன். வரல. வாசி."

வாசித்தாள். தோட்டத்தில் வியர்வை சிந்தியதை, கூட இருந்தவன் முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்ததை, இன்னொருவன் தெரியாது என்று மறுத்ததை, மரத்தைச் சுமந்து மலை ஏறியதை, எல்லாரும் ஓடிப்போக ஆத்தாளும் சில பெண்களும் மட்டும் நின்றதை. குரல் உடைந்த இடங்களில் நிறுத்தினாள். ஜைனம்பு காதைத் தொடவில்லை, இடையில் பேசவில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் பெண்கள் வாசனைத் தைலம் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும் இடத்தில் மட்டும், "மய்யத்தைக் குளிப்பாட்டப் போறாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா, அது மாதிரித்தான். போயிப் பாத்தா ஆளே இல்ல. உசுரோட எழுந்துட்டாரு."

ஜைனம்பு தலையை மெல்ல அசைத்தாள்.

"நான் இதை ஒத்துக்க மாட்டேன் புள்ள. அப்பிடிப்பட்டவரை அல்லா அவனுங்க கையில உட்டிருக்க மாட்டான். உன்ற புத்தகத்துல செத்துப் பொழச்சாரு. எங்க கிதாபுல சாகவே இல்ல. எப்புடியோ, இன்னிக்கு உசுரோடதான இருக்காரு?"

"இருக்காரு."

"அது போதும்." மூச்சு இழுத்தது. மரியபுஷ்பம் நெஞ்சைத் தடவிவிட்டாள். "ஒண்ணு சொல்லட்டா? வருசாவருசம் பெரிய வெள்ளிக்கெழமைக்கு மறுநாளு நீ வீங்குன கண்ணோட வேலைக்கு வருவ. ஏன்னு நான் கேட்டதில்ல. இப்பத்தான் தெரியுது."

இதைவிடப் பெரியதாக எதையும் மரியபுஷ்பம் அந்த முன்னறையில் கேட்டதில்லை. மனம் மாறுவாள் என்று ஆசைப்பட்டது நடக்கவில்லை. ஆனால் தன் உள்ளே இருப்பதை ஒருத்தி வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"இப்ப என்றது" என்றாள் ஜைனம்பு. "அந்த மாடத்துல பச்சைத் துணியில சுத்தி ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். ஹபீபாவுக்காக ஊர்லருந்து வாங்கியாந்தது. யாசீன், எங்க ஓதல்ல ஒரு பாகம். அரபியைத் தமிழ் எழுத்துல போட்டிருக்குதாம். அவ கன்னட ஸ்கூல்ல படிச்சவ, தமிழ் எழுத்து தெரியல. அப்பிடியே கெடக்குது. சாவற நேரத்துல அதைக் காதுல ஓதணும்."

"நானா? பக்கத்து ஊட்டு சாயிராபியைக் கூப்புடறேன். நல்லா ஓதுவா. ஹஜ்ரத்து இருக்காரு."

"அவிங்க சாயங்காலம் வந்து ஓதுவாங்க. அது அவிங்க மொறை. எனக்கு இத்தனை வருசம் வாசிச்சது ஆரு? உன்றதை முழுசாக் கேட்டுட்டேன், கடைசி வரைக்கும். என்றதை நீ வாசிக்க மாட்டியா?"

மரியபுஷ்பத்துக்கு உள்ளே ஒரு பயம் எழுந்தது. பொருள் தெரியாத வேற்று வேதம். பாவமா? சாமியாரிடம் சொல்ல வேண்டி வருமா? பயம் எழுந்ததே தவிர அவளைப் பிடித்து உட்காரவைக்கும் அளவுக்கு அதற்குப் பலம் இல்லை. அவள் மாடத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இரு, இரு. அப்பிடியே தொடாத. ஒளு செய்யணும். கை கால் மூஞ்சி கழுவு."

சொம்பு காலி. குழாயில் விடிகாலையில்தான் தண்ணீர் வரும். மரியபுஷ்பம் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"குப்பி இருக்குதே" என்றாள் ஜைனம்பு. "அதையேன் வீணாக்கற?"

இலை நனைக்கும் சட்டிக்கு மேல் குனிந்து, படுத்திருந்தவள் சொல்லச் சொல்ல, மரியபுஷ்பம் கழுவினாள். முதலில் கை. பிறகு வாய், மூக்கு, முகம். முழங்கை வரைக்கும். ஈரக்கையால் தலையைத் தடவிக்கொண்டாள். நெற்றியில் தீர்த்தம் பட்டதும் பழக்கதோஷத்தில் கை தானாகச் சிலுவை போட்டது. போட்டபின் திடுக்கிட்டு ஜைனம்புவைப் பார்த்தாள்.

"போட்டுக்க, போட்டுக்க" என்றாள் அவள். "உன்ற தண்ணி தான."

கால் விரல்களை நனைத்ததும் குப்பி தீர்ந்தது.

பச்சைத் துணியைப் பிரித்து, கட்டிலோரம், தினமும் முறம் வைத்து உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து மரியபுஷ்பம் வாசிக்கத் தொடங்கினாள். எழுத்து தமிழ்தான். ஆனால் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. புதிதாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளைபோல ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். "இழு புள்ள. அங்க இழுக்கணும்" என்று திருத்தினாள் ஜைனம்பு. இழுத்தாள். "ம்." இன்னும் கொஞ்சம் வாசித்ததும் நாக்கு வழிக்கு வந்தது. திருத்துவது குறைந்தது. பிறகு "ம்" கொட்டுவதும் நின்றது. மூச்சு மட்டும், சாரலுக்கு நடுவில், விட்டுவிட்டுக் கேட்டது.

பக்கத்தைப் புரட்டும்போது மரியபுஷ்பம் நிமிர்ந்தாள். ஜைனம்புவின் விரல்கள் போர்வைமேல் அசைந்துகொண்டிருந்தன.

செலின் சொன்னது நினைவுக்கு வந்தது. நேரம் வந்துவிட்டது. குப்பி காலியாகத் தரையில் கிடந்தது. ஓடிப்போய் யாரையாவது கூப்பிடலாமா என்று பாதி எழுந்தவள், அந்த விரல்களை மறுபடி பார்த்தாள். பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவை போர்வையைப் பிடுங்கவில்லை. இடது கை ஒரு இலையைப் பிடித்திருந்தது. வலது கை தூளைப் பரப்பியது. இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து சுருட்டின. தலையை மடக்கின. நூலைச் சுற்றி இழுத்தன. முடிந்ததும் கை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து, மரியபுஷ்பம் உட்கார்ந்திருந்த பக்கம், அவள் முறம் இருக்கும் இடத்தில் அதைப் போட்டது. பிறகு அடுத்த இலைக்குப் போனது.

வாசிக்கிறவள் பங்கைப் போட்டுக்கொண்டிருந்தாள் ஜைனம்பு.

மரியபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்தாமல் வாசித்தாள்.